ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம்

அந்தத் தீர்மானத்தைத் தட்டச்சு செய்தது நான்தான். செயலாளரே தன் கையால் அடித்துக்கொண்டார் என்று பின்னாளில் என் காதுபடவே பேசினார்கள். என்னைக் காப்பாற்ற நினைத்துச் சொன்னார்களோ என்னவோ. செயலாளருக்குத் தட்டச்சு தெரியாது. மாட்டுங்காவில், எங்கள் தமிழர் சங்கக் கட்டடத்தின் முதல் மாடியில், ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, மூன்று பிரதி வருகிற மாதிரி கார்பன் வைத்து நான் அடித்தேன். கை நடுங்கவில்லை. ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அறுபதுகளின் நடுவில் எனக்கு இருபத்துமூன்று வயது. கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ வேலை. காலையில் ரயிலில் லேடீஸ் டப்பாவில் நின்றுகொண்டு போய், மாலையில் நின்றுகொண்டு வருவேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு ஸ்டெனோ இருந்தார். சில வீடுகளில் இரண்டு பேர். அப்பா ரயில்வேயில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கச் செயலாளர் அப்பாவின் சிநேகிதர், நாங்கள் குடியிருந்த கட்டடத்திலேயே மூன்றாம் மாடியில் இருந்தார். ஒருநாள் காபி டம்ளரை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் வந்து மினிட்ஸ் எடுத்துக் குடும்மா. பொதுக் காரியம். நோக்கும் பழக்கமாகும்."

போனேன். கமிட்டியில் ஒன்பது ஆண்கள். அறையில் ஒரே பெண் நான். உறுப்பினர்கூட இல்லை. அப்பாவின் உறுப்பினர் சீட்டில் 'குடும்பத்தினர்' என்ற சொல்லுக்குள் நான் அடங்கியிருந்தேன். எனக்கு ஓட்டு கிடையாது, பேச்சு கிடையாது. எழுத மட்டும் உரிமை உண்டு.

நான் தட்டச்சு செய்த அந்தத் தீர்மானம் சங்கத்தின் படக்கூடத்தைப் பற்றியது. பெரிய மாளிகையாக எண்ணிக்கொள்ள வேண்டாம். நீளவாக்கில் ஒரு கூடம், தெருப்பக்கம் ஆறு ஜன்னல், சுண்ணாம்பு அடித்த சுவர். சுவரில் நாற்பதுக்கு மேல் படங்கள். காலண்டர் சாமி படங்கள் அல்ல. ஓவியர்கள் கையால் வரைந்தவை. எங்கள் பக்கத்தில், யார் வேண்டுமானாலும் படியேறி வந்து ஓவியம் பார்க்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

அந்தப் படங்களைக் கொடுத்தவர் மாட்டுங்காக்காரர் இல்லை. தாராவியில் கண்ணாடியும் பிரேமும் போடுகிற கடை வைத்திருந்தவர். திருநெல்வேலிக்குத் தெற்கேயிருந்து சின்ன வயதில் வந்தவர். ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் மலிவாகப் பிரேம் போட அவரிடம் வருவார்கள். வேலை முடிந்ததும், "எனக்குன்னு ஒண்ணு வரைஞ்சு குடுங்க தம்பி. சாமி படம் வேண்டாம். இங்கன தெருவுல பாக்குததை வரைங்க" என்பாராம். அப்படி வருஷக்கணக்கில் சேர்ந்தவை. குழாயடியில் குடங்களோடு நிற்கும் பெண்கள். மழையில் நனையும் மில் புகைபோக்கி. ரயில் வாசலில் தொங்குகிறவர்களின் முதுகுகள். தோல் பதனிடும் இடத்தில் காயப்போட்ட தோல்கள், அவற்றுக்கு நடுவே பீடி பிடிக்கும் ஒரு மனிதன்.

கடையின் ஓடு ஒழுக ஆரம்பித்தபோது அவர் சங்கத்துக்கு வந்து கேட்டார். அப்போதிருந்த பழைய தலைவர் நல்ல மனிதர். கூடம் சும்மாதான் கிடக்கிறது, மாட்டுங்கள் என்றார். கடைக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். அதை அப்படியே விதியாக எழுதினார்கள். பழைய கோப்பில் என் கண்ணால் படித்தேன். ஒவ்வொரு ஞாயிறும் கூடம் திறந்திருக்க வேண்டும். படம் பார்க்க வருகிறவரிடம் ஊர், பேர், தொழில் கேட்கக் கூடாது. படங்களைக் கொடுத்தவர் ஆயுள் உள்ளவரை கமிட்டியில் இருப்பார் என்பது இன்னொரு விதி.

முதல் இரண்டு மூன்று வருஷம் அந்த விதிப்படியே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் தாராவியிலிருந்து ரயில் பாலத்தைத் தாண்டிக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். தோல் கிடங்கில் வேலை செய்கிறவர்கள், பட்டறை ஆட்கள், கையில் குழந்தையோடு பெண்கள். தலையில் எண்ணெய் தடவி, வெளுத்த சேலை கட்டி, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வருவார்கள். நான் போக ஆரம்பித்த புதிதில் ஒரு நாள் ஒரு பெண் குழாயடிப் படத்தின் முன்னால் நின்று கூவினாள்:

"ஏட்டி, இங்க வந்து பாருட்டி! இது நம்ம குழாயில்லா! அந்த ஒடைஞ்ச திட்டைக்கூட விடாம வரைஞ்சிருக்கான் பாரு!"

கூடத்தில் இருந்த எல்லோரும் அந்தப் படத்தின் முன்னால் குவிந்துவிட்டார்கள். அது எந்தத் தெருக் குழாய் என்பதில் இரண்டு பேருக்குச் சண்டையே வந்துவிட்டது. நான் மேஜையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் என் பக்கத்தில் வந்து, "பாத்தியளா தாயி, இதுக்குத்தான் குடுத்தேன்" என்றார். என்னை அவர் தாயி என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு மகள் வயது எனக்கு.

பழைய தலைவர் இறந்துபோனார். புதிய தலைவர் வந்தார். பெரிய கம்பெனியில் பெரிய உத்தியோகம், செம்பூரில் தோட்டம் வைத்த வீடு. வந்த மறுமாதமே கூட்டங்கள் இங்கிலீஷுக்கு மாறின. கடைக்காரருக்குத் தமிழ் எழுதப் படிக்க நன்றாகத் தெரியும்; இங்கிலீஷ் தெரியாது. "முக்கியமானதைச் சொல்லிடுறோம், கவலைப்படாதீங்கோ" என்றார் செயலாளர்.

பிறகு வாசலில் ஒரு பதிவேடு வந்தது. வருகிறவர்கள் பேரும் விலாசமும் இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கடைக்காரர் எழுந்து, விதி அப்படி இல்லையே, பேரைக் கேட்கக் கூடாதென்றுதானே இருக்கிறது என்றார். தலைவர் சிரித்தார்.

"நாங்க எங்க கேக்கறோம்? எழுதத்தானே சொல்றோம்."

கமிட்டி முழுக்கச் சிரித்தது. அதையும் நான் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொள்வதுதானே என் வேலை. அடுத்த ஞாயிறு அந்தப் பதிவேட்டின் முன்னால் என்னைத்தான் உட்கார வைத்தார்கள். பேனாவை நீட்டினால் சிலர் வாங்கிக்கொண்டு விழிப்பார்கள். சிலர் கைரேகை வைக்கலாமா என்று கேட்டார்கள். சிலர் பேனாவைப் பார்த்ததுமே, "பெறகு வாரோம்மா" என்று சொல்லிப் படியிறங்கிவிட்டார்கள். நானே எழுதிவிடுகிறேன், உள்ளே போங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். இரண்டு மூன்று பேருக்குச் சொன்னேன். செயலாளர் பார்த்துவிட்டு, "அது உன் வேலையில்லை" என்றார். நிறுத்திவிட்டேன்.

அந்தச் சமயத்தில் ஊரும் கெட்டிருந்தது. தென்னிந்தியர்கள் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று மேடை போட்டுப் பேசினார்கள். ஓட்டல்கள் மேல் கல் விழுந்தது. எங்கள் வீட்டிலேயே தெருப்பக்கத்து ஜன்னலைப் பூட்டி வைத்திருந்தோம். புதிய தலைவருக்கு இது நல்ல சாக்காகப் போயிற்று. ஒரு கமிட்டிக் கூட்டத்தில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: படக்கூடத்துக்குள் உறுப்பினர்களும், உறுப்பினர் கடிதம் கொண்டுவருகிறவர்களும் மட்டுமே வரலாம், ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்தை வரவேற்புகளுக்கு விடலாம். காரணமாக, நிலைமை சரியில்லை, வாசலில் கூட்டம் கூடினால் வம்பு என்று தொடங்கினார். பிறகு பேச்சு வாக்கில் அவர் வாயிலிருந்து வேறு சில சொற்கள் வந்தன. அதைப் பின்னால் சொல்கிறேன்.

செயலாளர் தீர்மானத்தைத் தமிழில் சுருக்கிச் சொன்னதும் கடைக்காரர் எழுந்துவிட்டார்.

"இது நடக்காதுங்க. நான் இந்த எடத்துக்குப் படம் குடுக்கும்போது பேசுனது வேற. எல்லா மெம்பரையும் கூட்டுங்க. அங்க வச்சுக் கேளுங்க. அவிய எல்லாரும் வேண்டாம்னா, நான் கேட்டுக்கிடுதேன்."

இன்னும் இரண்டு பேர் அவர் பக்கம் பேசினார்கள். கடைசியில், பொதுக்குழுவில் வைத்து முடிவு செய்யலாம், அதுவரை ஒத்திவைப்பது என்று முடிந்தது. ஓட்டெடுப்பே நடக்கவில்லை. இதை என் சுருக்கெழுத்து நோட்டில் சொல்லுக்குச் சொல் எழுதியிருந்தேன்.

இரண்டு நாள் கழித்துச் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவும் இருந்தார். என்னைச் சங்கத்துக்கு வரச் சொன்னார். போனேன். மேஜையில் ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று இங்கிலீஷில் இரண்டு வரி.

"மாமா, ஒத்திவைக்கிறதாத்தானே முடிஞ்சது?"

"நோக்குச் சரியா காதுல விழலைம்மா. ஆளாளுக்குக் கத்திண்டிருந்தா. தலைவரே சொல்றார், நிறைவேறித்துன்னு. இதைப் போட்டு அடி."

"நோட்டுல எழுதியிருக்கேன் மாமா."

"நோட்டுலே தப்பா எழுதியிருப்பே. சின்னப் பொண்ணு, தப்பு வரது சகஜம்." பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: "நேத்திக்குத்தான் மாமி அந்தச் செம்பூர் வரனைப் பத்தி உங்கம்மாகிட்டே பேசியிருக்கா. நல்ல இடம். தலைவருக்கு ஒண்ணுவிட்ட உறவு. இந்த நேரத்துல எதுக்கு வீண் பேச்சு?"

மிரட்டினார் என்று சொல்ல முடியாது. தலையைத் தடவிக் கொடுக்கிற மாதிரித்தான் சொன்னார். நான் காகிதத்தை மெஷினில் செருகினேன்.

இதைவிடக் கேவலம் அடுத்த கூட்டத்தில் நடந்தது. முந்தைய கூட்டத்தின் குறிப்பில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் அடித்த தாளை ஒட்டிய மினிட்ஸ் புத்தகம் கை மாறிக்கொண்டே வந்தது. கடைக்காரருக்காகப் பேசிய அந்த இரண்டு பேரும் இங்கிலீஷ் தெரிந்தவர்கள்; ஒருவர் வக்கீல் குமாஸ்தா. இரண்டு பேரும் படிக்காமலே போட்டார்கள். படித்துவிட்டுத்தான் போட்டார்களோ, அதுவும் எனக்குத் தெரியாது. புத்தகம் கடைக்காரரிடம் வந்தது. அவர் பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த அறையில் அவர் நம்பிய ஆள் நான் ஒருத்திதான்.

"தாயி, எழுதியிருக்கது சரியா இருக்கா?"

"சரியா இருக்கு" என்றேன்.

தமிழில், குண்டுகுண்டான எழுத்தில், மெதுவாகத் தன் பெயரை எழுதினார். மை காய ஊதிவிட்டுப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார்.

அதற்கடுத்த ஞாயிறு அவர் பதினைந்து இருபது பேரோடு வந்தார். ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த அவருடைய மச்சினன் குடும்பம், தோல் கிடங்கு ஆட்கள் சிலர், குழந்தைகள். வாசலில் காவலாளி கையைக் குறுக்கே நீட்டினான். "பந்த் ஹை. மெம்பர் லோக் கே லியே ஹை" என்றான், மூடியிருக்கிறது, மெம்பர்களுக்கு மட்டும்தான் என்று. மாடியில் ஒரு நிச்சயதார்த்தம். நாகஸ்வரம் கேட்டது. சத்தம் கேட்டுச் செயலாளர் படியிறங்கி வந்தார், பின்னால் நான்.

"என்ன வம்பு லபடா இது? நான் கமிட்டி ஆளு" என்றார் கடைக்காரர்.

"நீங்க வரலாம், தாராளமா வாங்கோ. அவாதான் வரப்படாது. தீர்மானம் ஆயிடுத்தே. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கேளே!"

செயலாளர் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். நான்தான் மாடிக்குப் போய் எடுத்து வந்தேன். அந்தப் பக்கத்தைத் திருப்பி, கையெழுத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார். கடைக்காரர் தன் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் மச்சினன்தான், "என்னத்தான், உள்ள விட மாட்டாவளா? ஒம்ம படம்னு சொன்னீரு?" என்று கேட்டான். அவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. அம்மா கேட்டதற்குத் தலைவலி என்றேன். உண்மையில் எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. செயலாளரை, தலைவரை, மெம்பர் லோக் என்று சொன்ன அந்தக் காவலாளியை. எல்லோரையும் அடித்து முடித்த பிறகும் அந்த வரிசையில் நான் மிச்சம் இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்து நேராகத் தாராவிக்குப் போனேன். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள், அதுவரை அந்தப் பாலத்தைத் தாண்டியதில்லை. நடந்தால் அரை மணிகூட ஆகாத தூரம். கடையைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். அவர் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஆணிகளைப் பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டில் என்ன இருக்கிறது, நான் என்ன அடித்தேன், அவர் கேட்டபோது நான் சொன்னது பொய் என்று.

மனைவிதான் முதலில் பேசினாள். "படிச்ச பொண்ணுன்னு ஒங்கிட்ட கேட்டாக. ஒரு வார்த்தை, 'இல்லை'ன்னு சொல்லியிருந்தா நாக்கு அழுகியா போயிரும்? எங்க தம்பி ஊருக்கு எழுதிட்டான், அத்தானை வாசல்ல நிறுத்திப்புட்டாவன்னு."

"விடு" என்றார் அவர். கண்ணாடியைக் கீழே வைத்தார். "மேடம், இதை எங்கிட்ட வந்து சொல்லி என்ன செய்ய? எனக்குத்தான் தெரியுமே, நான் சம்மதிக்கலைன்னு. தெரியாதவுகளுக்குல்லா சொல்லணும். அடுத்த மாசம் பொதுக்குழு இருக்கு. அங்க சொல்லுவியளா?"

மேடம் என்றார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் என்னைத் தாயி என்று கூப்பிடவில்லை.

"சொல்றேன்" என்றேன்.

வீட்டில் சொன்னதும் அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். "நோக்கு எதுக்கு இந்த வம்பு? யாரோ பிரேம் கடைக்காரனுக்காக மூணாம் மாடியோட விரோதம் பண்ணிக்கணுமா?" என்றார். அம்மா வரனை நினைத்து அழுதாள். நான் அவர்களோடு சண்டை போட்டேன். இருபத்துமூன்று வருஷத்தில் அப்பாவுக்கு எதிராக நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

பொதுக்குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் கீழ்க்கூடத்தில் நடந்தது. நாற்காலிகள் நிறைந்து ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். பெண்கள் பின்வரிசையில். ஆண்டறிக்கை வாசித்து முடித்ததும் கடைக்காரர் எழுந்தார். அன்றைய கூட்டத்தில் அந்தத் தீர்மானம் நிறைவேறவே இல்லை என்றார். தலைவர் மினிட்ஸ் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். கடைக்காரர் பின்பக்கம் கையைக் காட்டினார்.

"அதை எழுதுன பொண்ணு அங்க இருக்கு. அது பேசட்டும்."

"அவள் மெம்பர் இல்லை. பேச முடியாது" என்றார் தலைவர்.

நான் எழுந்துவிட்டேன். நோட்டை மேலே தூக்கிப் பிடித்து, "நான் பேசலை. இதுல எழுதியிருக்கிறதைப் படிக்கிறேன்" என்றேன்.

தலைவர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் காட்டினார். "பாருங்கோ, கோழி கிறுக்கின மாதிரி இருக்கு. இதுல என்ன எழுதியிருக்குன்னு அவள் சொல்றதுதானே? நாளைக்கு ராமாயணம்னு சொன்னாலும் நாம நம்பணும்."

சிலர் சிரித்தார்கள். ஆனால் எந்தச் சபையில் நின்று என்ன பேசுகிறோம் என்பதை அந்த மனிதர் மறந்துவிட்டார். அவருக்கு ஆபீஸில் ஸ்டெனோ என்றால் மணி அடித்தால் உள்ளே வருகிற ஜந்து. மாட்டுங்காவின் ஸ்டெனோக்களில் பாதிப் பேர் அன்றைக்கு அவர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது வரிசையிலிருந்து நரைத்த தலையோடு ஒருவர் எழுந்தார். எனக்கு முகப் பழக்கம்கூட இல்லாதவர்.

"கோழிக் கிறுக்கல் இல்லை சார். நான் முப்பது வருஷமா அதைத்தான் எழுதிண்டிருக்கேன். இப்படிக் குடுங்கோ."

நோட்டு கை மாறிப் போயிற்று. அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "கை சுத்தமா இருக்கும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். இங்கிலீஷில் ஒரு வாக்கியம், பிறகு கடைக்காரருக்காகத் தமிழில் அதே வாக்கியம். கூட்டத்தில் யார் யார் என்ன பேசினார்கள் என்பது அப்படியே வந்தது. தலைவர் நிலைமை சரியில்லை என்றது வந்தது. அதற்கு அடுத்த வாக்கியத்தில் வாசித்தவர் நிறுத்தினார். தலைவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு வாசித்தார்.

"இந்தத் தோல்காரர்கள் வந்து போனால் நாற்றம் மூன்று நாளைக்குச் சுவரில் நிற்கிறது. அவர்களுக்கு ஓவியம் எதற்கு? நம் பெண்கள் நடமாடுகிற இடம் இது."

தலைவர், "அதெல்லாம் ஜோடனை" என்றார். அதற்குள் இன்னொரு வரிசையிலிருந்து ஒரு இளைஞர் நோட்டை வாங்கி, எங்கே எங்கே என்று விரல் வைத்துத் தேடி, அதே சொற்களை வாசித்தார். பின்வரிசையிலிருந்து என்னை மாதிரியே ஆபீஸ் போகிற ஒரு பெண்ணும் வந்து வாசித்தாள். மூன்று பேர் வாயிலும் ஒரே சொற்கள். ஒத்திவைப்பது என்ற முடிவும் மூன்று தடவை கேட்டது.

கடைக்காரர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தன்னைப் பற்றித் தனக்கு விளங்காத பாஷையில் பேசப்பட்டதை அவர் அன்றைக்குத்தான் தமிழில் கேட்டார். அது பேசப்பட்டபோது அவர் கமிட்டி அறையில் தலைவருக்கு நாலடி தூரத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

ஓட்டெடுத்தார்கள். தீர்மானம் செல்லாது என்று ஆயிற்று. பெரிய வெற்றி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கொஞ்சம் பேர் வித்தியாசத்தில்தான். செல்லும் என்று கை தூக்கியவர்களை நான் எண்ணிக்கொண்டே வந்தேன். எங்கள் கட்டடத்தில் மட்டும் ஐந்து பேர். அப்பா எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. அந்த மூன்று வாக்கியத்தைக் கேட்டபின்பும், "சொன்ன விதம்தான் தப்பு" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

தலைவர் ராஜிநாமா செய்தார். அதற்கு ஒரு வழியனுப்பு விழா வேறு வைத்து மாலை போட்டார்கள். செயலாளர் செயலாளராகவே இருந்தார். கடைக்காரரிடம் படங்களைத் திருப்பி எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டபோது, "குடுத்ததைத் திரும்ப வாங்க மாட்டேன். இனிமே எழுதுததைத் தமிழ்ல எழுதுங்க, அது போதும்" என்றார். அதற்குச் சம்மதித்தார்கள்.

அடுத்த ஞாயிறு வாசல் திறந்திருந்தது. பதிவேடு இல்லை, காவலாளி இல்லை. நான் பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தேன். தாராவியிலிருந்து ஒருவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அந்த வாக்கியம் பாலத்தைத் தாண்டிப் போயிருந்தது. நாற்றம் என்று சொன்ன வீட்டுக்கு யார் குழந்தைகளைச் சிங்காரித்துக் கூட்டி வருவார்கள்? நானே இரண்டு மூன்று வீடுகளுக்குப் போய்க் கூப்பிட்டேன். டீ கொடுத்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள், "பாக்கலாம்மா" என்றார்கள். வரவில்லை.

கமிட்டிக்கு அது போதுமானதாக இருந்தது. ஒன்றரை வருஷம் பொறுத்திருந்து, பார்வையாளர் எவரும் வராததால் படக்கூடத்தை மூடலாம் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். இந்த முறை பொய் இல்லை. முறைப்படி முன்னறிவிப்பு, முறைப்படி ஓட்டு, அழகான தமிழில் குறிப்பு. கடைக்காரர் தனியாளாக எதிர்த்து ஓட்டுப் போட்டார் என்பதும் அதில் சரியாகவே எழுதப்பட்டிருந்தது. அப்போது நான் அங்கே எழுதவில்லை. செம்பூர் வரன் பொதுக்குழுவுக்கு மறுவாரமே நின்றுபோயிருந்தது. நான் கோட்டை வேலையை விட்டு டிராம்பேயில் ஒரு தொழிற்சாலை ஆபீஸில் சேர்ந்திருந்தேன். பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். நரைத்த தலை ஸ்டெனோதான் வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்னார்.

படங்களை மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் அடுக்கினார்கள். அந்த மழைக்காலத்தில் அறைக்குள் தண்ணீர் புகுந்தது. பதினோரு படங்கள் பூஞ்சை பிடித்துப் போயின. அப்புறம்தான் கடைக்காரர் ஒரு கைவண்டியோடு வந்து மிச்சத்தை எடுத்துப்போனார். நானும் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுப் போய்த் தூக்கிக் கொடுத்தேன். கெட்டுப்போனவற்றையும் அவர் விடவில்லை; ஒவ்வொன்றாகத் துடைத்து வண்டியில் வைத்தார். தாராவியில் இளைஞர்கள் நடத்திய ஒரு படிப்பகத்தில் அவற்றை மாட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை.

சில வருஷம் கழித்து மாட்டுங்கா மார்க்கெட்டில் செயலாளரைப் பார்த்தேன். வயதாகித் தளர்ந்திருந்தார். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே என்னை விசாரித்தார். நன்றாகத்தான் பேசினார். பிறகு, "ஒரு ஹால் விஷயம்மா அது. அன்னிக்கு நீ அவ்வளவு கோபப்பட்டிருக்க வேண்டாம்" என்றார்.

"நான் கோபப்பட்டது லேட்டு மாமா. நீங்க துண்டுக் காகிதத்தை நீட்டினப்போவே பட்டிருக்கணும்" என்றேன்.

அவர் காது கேட்காதவர் மாதிரி, கிலோ என்ன விலை என்று காய்கறிக்காரியிடம் திரும்பிவிட்டார். நான் என் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.